செவ்வாய்க்கிழமைக் கரி

அந்த நகரத்தில் காற்றைக் குறை சொல்லாதவர் ஒருவரும் இல்லை. அந்தக் குறைக்குத் தாமும் ஒரு காரணம் என்று சொன்னவரும் ஒருவர் இல்லை. மாடியில் உலரப் போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் சாம்பல் சட்டையாக இறங்கி வந்தது. ஜன்னல் விளிம்பைத் துடைக்கப் போன விரல் மை தொட்ட விரலாகத் திரும்பியது. கண்ணுக்குத் தெரிந்த தூசியே இப்படியென்றால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகளின் சேட்டையைச் சொல்லி முடியாது. மூக்கு அதைத் தடுப்பதில்லை. தொண்டை அதைக் கேள்வி கேட்பதில்லை. அழையா விருந்தாளியாக நுரையீரலின் கடைசி அறைவரை போய்க் காலை நீட்டிப் படுத்துவிடும்.

இந்த விருந்தாளி எந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வருகிறது என்று கண்டறிய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவுக்கு ஒரு தலைவர். துறைக்கு ஓர் அதிகாரி. அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு செயலர். வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை கூடுவதென்று முடிவாயிற்று.

செயலர் சூதுவாது அறியாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே கர்வம் ஏற்பாட்டுக் கர்வம். கூட்டம் என்றால் அவருக்கு அது தம் வீட்டுக் கல்யாணம். நாற்காலிகளின் முதுகைத் தாமே துடைப்பார். தலைவரின் தண்ணீர்க் குவளை வெளிச்சத்தில் பளபளக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பார். கூட்டத்தின் நடுவே மின்சாரம் போய் அறையின் குளிர்ச்சி குலைந்துவிடக் கூடாது என்பதற்காக, மின்சாரம் போகும்வரை காத்திராமல், காலையிலேயே ஜெனரேட்டரை ஓட விட்டுவிடுவார். "போன பிறகு தேடறதைவிட, போறதுக்கு முன்னாடியே புடிச்சு வெச்சுக்கணும்" என்பது அவர் கொள்கை. கூட்டம் முடிந்து அதிகாரிகள் காரில் ஏறும்போது இருக்கை சுட்டுவிடலாகாது என்று, முற்றத்தில் வரிசையாக நிற்கும் கார்களின் என்ஜினை அணைக்க வேண்டாம் என ஓட்டுநர்களிடம் சொல்லி வைத்ததும் அவர்தான். முதல் கூட்டம் முடிந்து காரில் ஏறிய தலைவர், இருக்கையைத் தடவிப் பார்த்து, "ஏற்பாடுன்னா இப்படி இருக்கணும்யா!" என்றார். அந்த ஒரு சொல்லைச் செயலர் வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி உறங்கும்வரை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காற்றை ஆராய ஒரு கருவி வந்தது. தொப்பி வைத்த சின்னப் புகைபோக்கியைத் தலையில் சூடிய ஒரு பெட்டி. அது நாள் முழுதும் காற்றை உள்ளே இழுக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளை வடிதாள் அந்தக் காற்றை வடிகட்டும். மறுநாள் காலை தாளை எடுத்து நிறுத்துப் பார்த்தால், நகரம் முந்தைய நாள் எவ்வளவு துகளை மூச்சுவிட்டது என்று தெரிந்துவிடும்.

கருவியை எங்கே வைப்பது? சாலைச் சந்திப்பில் வைக்கலாம் என்றார்கள். போக்குவரத்து அதிகாரி, வாகனங்களின் மனம் புண்படும் என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். தொழிற்பேட்டையில் வைக்கலாம் என்றார்கள். ஆலை ஆய்வாளர் அங்கே ஏணி கிடைக்காது என்றார். தோண்டிப் போட்ட சாலையோரத்தில் வைக்கலாம் என்றார்கள். "அங்க வெச்சா கருவி குழிக்குள்ள விழுந்துடும்" என்றார் சாலைப் பொறியாளர். அது உண்மையாகவும் இருந்தது. கடைசியில் தலைவர் முடிவு சொன்னார்: "கைக்குழந்தையையும் கருவியையும் கண்ணு முன்னாடியே வெச்சுக்கணும். நம்ம வாசல் மேலயே வெச்சிடுங்க."

அப்படியாக, குழு கூடும் கட்டடத்தின் முன்வாசல் கூரைமேல், முற்றத்தைப் பார்த்தபடி கருவி அமர்ந்தது. தினமும் காலையில் ஆய்வகத்து அம்மையார் ஏணியில் ஏறி, இடுக்கியால் தாளை எடுத்துக் கண்ணாடித் தட்டில் மூடிக்கொண்டு போவார். துகளில் எது மரப்புகை, எது எண்ணெய்ப்புகை என்று பிரித்துச் சொல்லும் பெரிய கருவி ஒன்றும் ஆய்வகத்தில் இருந்தது. பழுதுபார்க்கப் போன அக்கருவி, போன இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டதோ என்னவோ, திரும்பி வரவே இல்லை. ஆகவே குழுவுக்கு மிஞ்சியவை தாளின் எடையும் நிறமும்தாம்.

மாசுக்குக் காரணம் யார் யார் என்று பங்கு பிரிக்கச் செயலர் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்தார். பாகப்பிரிவினையில் பங்கு போதாது என்று அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. இங்கே பங்கு வேண்டாம் என்று அடித்துக்கொண்டார்கள்.

"என் ரோட்டுத் தூசி பெரிய தூசி சார்" என்றார் சாலைப் பொறியாளர். "மூக்கோட நின்னுடும். மரியாதை தெரிஞ்ச தூசி."

"என் வண்டிகள் எல்லாத்துக்கும் சான்றிதழ் இருக்கு" என்றார் போக்குவரத்து அதிகாரி. "சான்றிதழ் இருக்கற வண்டி புகை விடாது."

"விடறதை நான் பார்த்தேனே?" என்றார் சாலைப் பொறியாளர்.

"அப்ப அது சான்றிதழ் இல்லாத வண்டி. அது என் கணக்குல வராது."

ஆலை ஆய்வாளர் அமைதியாகச் சொன்னார்: "எங்க புகைக்கூண்டெல்லாம் ரொம்ப உசரம். நம்ம புகை நேரா பக்கத்து ஊருக்குப் போயிடும்."

"பக்கத்து ஊர்ப் புகை?" என்று கேட்டார் தலைவர்.

"அது இங்க வரும். அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

இப்படி ஒவ்வொருவரும் நகத்தளவு பங்கை ஏற்றுக்கொண்டு ஒதுங்கியபின், வட்டத்தின் பெரும்பகுதி பெற்றவர் இல்லாப் பிள்ளையாக வெறுமனே நின்றது. செயலர் அதற்குள் ஒரு கேள்விக்குறியைப் போட்டு வைத்தார்.

சில வாரங்கள் கழித்து, ஆய்வகத்து அம்மையார் கண்ணாடித் தட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினார். தாள்கள் எல்லாம் மங்கிய சாம்பல் நிறம். இடையிடையே சில மட்டும் அடுப்புக்கரி பூசியது போல் கறுத்துக் கிடந்தன.

"கறுப்பா இருக்கறது எல்லாமே செவ்வாய்க்கிழமைத் தாள் சார். ஒரு வாரம்கூடத் தப்பல."

தலைவர் தொடையில் தட்டினார். "செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க! ஆக, செவ்வாய்க்கிழமை இந்த ஊர்ல யாரோ எதையோ பண்றாங்க. யார்னு கண்டுபிடிச்சிட்டா வட்டம் நிறைஞ்சிடும்."

யார்? எல்லாரும் யோசித்தார்கள். யோசனைக்குத் துணையாக, கூட்டத்துக்கு வழக்கமாக வரும் பன்னில் ஆளுக்கொன்றை எடுத்துக் கடித்தார்கள். கடித்த பன்னுடன் எழுந்து ஜன்னலருகே போன ஆலை ஆய்வாளர், "அதோ!" என்று கத்தினார்.

தெருவுக்கு எதிர்ப்புறத்தில், செங்கல் புகைபோக்கி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. விறகு அடுப்பில் ரொட்டி சுடும் பழைய பேக்கரி.

செயலருக்குத் தொண்டையில் பன் சிக்கியது. அது அவருடைய அக்காள் வீட்டுக்காரரின் கடை. தண்ணீர் குடித்து, பன்னை இறக்கி, நேர்மையாகவே சொன்னார்: "சார், அது எங்க அக்கா கடை. நான் இதுல கருத்துச் சொல்றது முறையா இருக்காது."

"அப்படியா!" என்று மகிழ்ந்தார் தலைவர். "ரொம்ப வசதியாப் போச்சு. நோட்டீஸ் அனுப்பி அலைய வேண்டாம். நீங்களே போய்ச் சொல்லிடுங்க. வர்ற வாரம் செவ்வாய்க்கிழமை மட்டும் அடுப்பு எரியக் கூடாது. சோதனை!"

பேக்கரிக்குள் நுழைந்தாலே முகத்தில் ஒரு சூடான கை வைத்தது போலிருக்கும். பின்கட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு, இரும்புக் கதவு போட்ட குகையாக அடுப்பு அமர்ந்திருந்தது. அக்கா முழங்கைவரை மாவுடன் பிசைந்துகொண்டிருந்தார். மாமா நீண்ட மரத்துடுப்பால் ரொட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாடா. உங்க ஆளுங்களுக்கு இன்னொரு தட்டு பன் வேணுமா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. செவ்வாய்க்கிழமை அடுப்பு பத்த வைக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"குழு."

"குழுவுல நீ யாரு?"

"செயலர்."

"ஓ! அப்ப நீதான் சொல்ற. வேற யாரோ சொன்ன மாதிரி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்றியே!"

மாமா துடுப்பைச் சுவரில் சாய்த்தார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் அது சிரிப்பு வேடத்தில்தான் வரும். "மாப்ளே, செவ்வாய்க்கிழமை நாங்க ஏன் விறகு கூடப் போடறோம்னு உனக்குத் தெரியுமா?"

"ஏன் மாமா?"

"உங்க கூட்டத்துக்குப் பன் போடத்தான்."

மாமா செயலரின் கையைப் பிடித்து அடுப்பின் பக்கச் சுவரில் வைத்தார். வெளிப்புறமே இளஞ்சூடாக இருந்தது.

"இது திருகி அணைக்கற அடுப்பு இல்ல மாப்ளே. இந்தக் கல்லு எங்க அப்பா காலத்துல சூடானது. இன்னும் முழுசா ஆறினதே கிடையாது. ஆறவிட்டு மறுபடி காய்ச்சினா வெடிப்பு விடும். வெடிச்ச அடுப்புல ரொட்டி மேல கருகும், உள்ள மாவாவே நிக்கும். அப்புறம் இடிச்சுக் கட்டணும். இடிச்சா, கட்டறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. கடையப் பூட்ட வேண்டியதுதான்."

"ஒரே ஒரு செவ்வாய்தான் மாமா."

"ஒட்டகம்கூட மூக்கை மட்டும்தான் முதல்ல நீட்டுமாம்" என்றார் அக்கா, மாவை ஓங்கி அறைந்தபடி.

சோதனைச் செவ்வாய் வந்தது. பேக்கரியின் புகைபோக்கி வாய்மூடி நின்றது. இந்த வரலாற்று நிகழ்ச்சியைப் பார்வையிட மற்ற துறைகளிலிருந்தும் சிறப்பு அழைப்பாளர்கள் வந்திருந்தார்கள். செயலர் ஓடியாடி, முற்றத்தில் இடம் போதாத கார்களை வாசல் கூரைக்கு அடியிலேயே நெருக்கி நிறுத்த வைத்தார். எல்லாக் கார்களும் குளிர்ந்த வயிற்றுடன் உறுமிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை எடுத்த தாள், முன்னெப்போதையும்விடக் கறுப்பாக வந்தது.

வேறெவராயினும் இதோடு பேக்கரியை விட்டிருப்பார்கள். குழு அப்படி அவசரப்படவில்லை. "அடுப்பு அணைஞ்சுதான் இருந்தது. ஆனா சூடா இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார் ஆலை ஆய்வாளர். "திங்கட்கிழமைச் சூடு செவ்வாய்க்கிழமை வெளிய வருது. அவ்வளவுதான் விஷயம்." ஆகவே திங்கட்கிழமையும் அடுப்பை அணைப்பதென்று தீர்மானமாயிற்று. அணைந்ததைக் கண்காணிக்கத் திங்கட்கிழமையும் கூடுவதென்று மற்றொரு தீர்மானம் ஆயிற்று. உடனே திங்கட்கிழமைத் தாளும் கறுத்தது.

"தொத்து நோய் மாதிரி பரவுது சார்!" என்றார் சாலைப் பொறியாளர்.

"அப்ப நாம சரியான பாதையிலதான் போறோம்" என்றார் தலைவர்.

சரியான பாதையில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. பன் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பொட்டல பிஸ்கட் வந்தது. அதைக் கடித்தவர்கள், பல் தேடுபவர்களைப் போல் நெடுநேரம் வாயைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அந்த எரிச்சலும் பேக்கரியின் மேலேயே திரும்பியது. அடுப்பையே இடித்துவிட்டால் என்ன என்ற பேச்சு எழுந்தது. தீர்மானத்தை எழுதி வைக்கும்படி தலைவர் செயலரிடம் சொன்னார்.

அன்று மாலை செயலர் பேக்கரிக்குப் போனபோது, மாமா டார்ச் விளக்கை அடித்து அடுப்பின் உட்கூரையைக் காட்டினார். நகம் நுழையும் அகலத்தில் ஒரு விரிசல், சிலந்திக் காலைப்போல் வளைந்து ஓடியிருந்தது. அக்கா சொன்னார்: "இன்னும் ஒரு தடவை ஆறினா போதும்டா. நீங்க இடிக்கவே வேண்டாம். அதுவாவே விழுந்திடும்."

இடிக்கும் தீர்மானம் நிறைவேறுவதற்குள் தலைவரின் மகள் கல்யாணம் குறுக்கிட்டது. மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைத்த நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. முந்தைய நாள் வரவேற்பு. குழு முழுதும் கல்யாணத்துக்குப் போவதால் அந்த வாரம் கூட்டம் இல்லை. ஆனால் தலைவர் செயலரைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"செயலரே, சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குப் பொட்டல ரொட்டி பரிமாற முடியுமா சொல்லுங்க? அந்தக் கடை ரொட்டிக்கு ஈடு இல்ல. ரெண்டு நாளைக்கு மட்டும் அடுப்பு எரியட்டும். பொதுநலன் கருதின்னு ஒரு வரி போட்டுடுங்க."

பேக்கரி தூக்கம் மறந்தது. விரிசலில் களிமண் பூசி, மாமா மெல்ல மெல்லச் சூடேற்றினார். இரண்டு நாளும் புகைபோக்கி ஓயாமல் புகைந்தது. கல்யாண வீட்டில் ரொட்டியைத் தின்ற சம்பந்தி, "எந்தக் கடை?" என்று கேட்டாராம். தலைவர் பெருமையோடு, "நம்ம கட்டுப்பாட்டுல இருக்கற கடை" என்றாராம்.

புதன்கிழமை காலை, செயலர் அலுவலகத்துக்குள் காலடி வைக்கும்போதே ஆய்வகத்து அம்மையார் எதிரே வந்தார். கையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள்.

"சார், தாள் ஏதும் மாறிப் போச்சோன்னு திரும்பவும் ஏணியில ஏறிப் பார்த்தேன். இல்ல. இது திங்கள், இது செவ்வாய்."

தாள்கள் வெளுத்திருந்தன. முழு வெள்ளையென்று சொல்ல முடியாது. மற்ற நாள்களின் சாம்பல் நிறத்தோடு, தேநீர் சிந்தித் துடைத்த துணிபோல் ஓர் இளம்பழுப்பும் ஓடியிருந்தது. கரியின் சாயல்கூட இல்லை.

"அடுப்பு எரிஞ்சுதே?" என்றார் செயலர்.

"எரிஞ்சுதாவது! நான் அந்தப் பக்கம் வரும்போது கண்ணு கரிச்சுது. அந்தப் பழுப்பு அதுதான். அப்ப அந்தக் கறுப்பு எங்க போச்சு?"

செயலர் வாசலுக்கு நடந்தார். முற்றம் காலியாக இருந்தது. ஒரு காரும் இல்லாத முற்றத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். தரையில் எண்ணெய்ப் பொட்டுகள். சுற்றுச்சுவரில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, ஒவ்வொரு காரும் பின்புறம் காட்டி நிற்கும் இடத்தில் ஒவ்வொரு கரிவட்டம். யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் பொட்டு வைத்ததுபோல் வரிசை மாறாமல் இருந்தன. படிக்கட்டின் பக்கத்தில் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் மேல்நோக்கி வளைந்திருந்தது. அதற்கு நேர் மேலே வாசல் கூரையின் அடிப்பாகம் கறுத்திருந்தது. அக்கூரையின் மேல், தொப்பியணிந்த கருவி ஒரு பாவமும் அறியாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சுவரைத் தொட்டார். விரல் கறுத்தது. செவ்வாய்க்கிழமைத் தாளின் அதே கறுப்பு.

ஓடிய ஜெனரேட்டரும் அணையாத என்ஜினும் அவர் ஏற்பாடு. நெருக்கி நிறுத்திய கார்களும் அவர் ஏற்பாடு. ஊரெல்லாம் தேடிய திருடன் தம் சட்டைப் பையிலிருந்தே எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். அடுத்த வாரம் முதல் ஜெனரேட்டரை ஓட்டாமல், கார்களைச் சற்றுத் தள்ளி நிறுத்தினால், கறுப்பு தானாகக் குறையும், யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வாரமே அடுப்பை இடிக்கும் தீர்மானம் வருகிறது. கறுப்பு குறைந்தால், அடுப்பை இடித்ததால்தான் குறைந்தது என்று மேளம் கொட்டுவார்கள். ஒரு பக்கம் அக்காள் அடுப்பு. மறுபக்கம் "ஏற்பாடுன்னா இப்படி இருக்கணும்யா" என்ற அந்த ஒரே ஒரு பாராட்டு. செயலர் அன்று மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழு கூடியது. கல்யாணக் களை இன்னும் முகங்களில் மிச்சமிருந்தது. தீர்மானத்தைப் படிக்கும்படி தலைவர் பணித்தார். நேராகச் சொல்லும் துணிவு வராத செயலர், சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று எண்ணினார்.

"சார், அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா?"

"சொல்லுங்க, சொல்லுங்க. பன்னும் இல்ல, கதையாவது இருக்கட்டும்."

"ஒரு மரக்கிளை. அதுல ஒரு குருவி கூடு கட்டியிருந்துச்சு. ஒருநாள் ஒரு காக்கா வந்து அதுல உக்காந்துச்சு. கிளை லேசா வளைஞ்சுது. 'ஏன் வளையுது?'ன்னு ஆராயறதுக்கு அது இன்னொரு காக்காவைக் கூப்பிட்டுது. அதுவும் வந்து உக்காந்துச்சு. இன்னும் வளைஞ்சுது. விஷயம் பெரிசுன்னு சொல்லி, விவரம் தெரிஞ்ச காக்காவை எல்லாம் கூப்பிட்டாங்க. வர வர வளையுது. வளைய வளைய ஆளைக் கூப்பிடறாங்க. கடைசியில எல்லாரும் சேர்ந்து, 'இந்தக் குருவிக்கூடுதான் பாரம், பிடுங்கிப் போடுங்க'ன்னு முடிவு பண்ணாங்க."

அறை சிரிப்பால் அதிர்ந்தது. செயலர் நம்பிக்கையோடு முகங்களைப் பார்த்தார்.

"பிரமாதம்!" என்றார் சாலைப் பொறியாளர். "அந்த முதல் காக்கா போக்குவரத்துத் துறைதானே?"

"கிளையைத் தோண்டிப் போட்டுட்டு மூடாமப் போற காக்கா யாருன்னு கேளுங்களேன்" என்றார் போக்குவரத்து அதிகாரி.

தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல கதை. ஆனா ஒண்ணு சொல்லாம விட்டுட்டீங்களே. அந்தக் குருவி முறையா அனுமதி வாங்கித்தான் கூடு கட்டுச்சா?"

கதையால் திருந்தியவர்கள் கதைக்குள்தான் இருக்கிறார்கள் போலும். செயலர் எழுந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போய், படியிறங்கி, ஜெனரேட்டரை அணைத்தார்.

திரும்பி வந்தபோது அறையில் குளிர்க்காற்று நின்றிருந்தது. அதுவரை அறையை நிறைத்திருந்த முழக்கமும் நின்றிருந்தது. அந்த அமைதிக்குள், வெளியிலிருந்து ஒரு சீரான உறுமல் மெல்லப் புகுந்தது.

"கேக்குதா சார்?"

"என்னது அது?"

"நம்ம காருங்க. எத்தனையோ வாரமா நாம உள்ள உக்காந்து செவ்வாய்க்கிழமைப் புகையைத் தேடறோம். அது வெளிய நின்னு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. அந்தக் காக்கா நாமதான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. செயலர் தட்டுகளை மேசையில் வைத்தார். "இது கூட்டம் நடந்த செவ்வாய், அடுப்பு அணைஞ்சிருந்தது. இது உங்க வீட்டுக் கல்யாணச் செவ்வாய். அடுப்பு எரிஞ்சுது, கூட்டம் இல்ல." பிறகு, கரி படிந்த சுவரில் தேய்த்த ஒரு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் வைத்தார்.

தலைவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "வண்டியை அணைக்க வேண்டாம்னு யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"காலையிலேயே ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

அப்போது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மேசையைச் சுற்றியிருந்த முகங்கள் இறுகவில்லை, மலர்ந்தன. பல வாரமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு ஒரே சமயத்தில் வெளிப்பட்டது. காரணம் கிடைத்துவிட்டது! காரணத்துக்குக் கையும் காலும் இருக்கின்றன; ஒப்புக்கொள்ளும் வாயும் இருக்கிறது!

"அந்தக் கேள்விக்குறியை அழிங்க" என்றார் தலைவர் உற்சாகமாக. "செயலர்னு எழுதுங்க."

எழுதும் பொறுப்பு செயலருடையது என்பதால், செயலரே எழுந்து, வட்டத்தின் பெரும்பகுதிக்குள் 'செயலர்' என்று எழுதினார்.

ஆய்வகத்து அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்தக் கறுப்புக்கு வேணா இவர் ஏற்பாடு காரணம். மத்த நாள் தாளெல்லாம் சாம்பலா இருக்கே, ஊர் முழுக்க இருக்கற புகைக்கும் இவர் ஒருத்தரா? இது நம்ம வாசல் புகைதானே?"

"வாசல் எங்கம்மா இருக்கு? ஊருக்குள்ளதானே இருக்கு?" என்றார் தலைவர். அதற்குமேல் வாதம் இல்லை.

குழுவின் விதிப்படி, காரணம் என்று அறிவிக்கப்பட்டவர் தீர்வுத் திட்டம் ஒன்று சமர்ப்பிக்க வேண்டும். அதைக் குழுவின் உறுப்பினர்கள் கடைப்பிடிக்க வேண்டும். இத்தனை நாளாக யாரும் காரணமாகாததால், இந்த விதிக்கு வேலை வந்ததில்லை. அங்கே நின்றபடியே செயலர் தம் திட்டத்தைச் சொன்னார். ஜெனரேட்டர் ஓடாது. முற்றத்துக்குள் கார் வராது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பஸ்ஸிலோ நடந்தோ வர வேண்டும். பேக்கரி அடுப்பின்மேல் இருந்த தடை நீங்கும்.

"பஸ்ஸா?" என்றார் போக்குவரத்து அதிகாரி, அப்படியொரு வாகனத்தைக் கேள்விப்பட்டிராதவர்போல்.

"அடுப்பு எரிஞ்சா அடுத்த வாரம் பன் வரும் சார்" என்றார் செயலர்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறு செவ்வாய்க்கிழமை அறையின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நெடுநாள் திறவாத தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விட்டதும் செயலரின் ஏற்பாடுதான். எதிர்த் தெருவிலிருந்து ரொட்டி வேகும் வாசம் வந்துகொண்டிருந்தது. மாமா விரிசலுக்கு இரண்டாம் பூச்சுப் பூசிவிட்டார். அடுப்பு பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். பன் தட்டை அக்காவே தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

"ஊரையே நாசம் பண்ண மகாபாவி எங்க?" என்று கேட்டார்.

"இதோ இருக்கேன்க்கா."

"இந்தா, உனக்கு மட்டும் பெரிய பன். தின்னு. ஊர்க்கரியெல்லாம் ஒத்தை ஆளாச் சுமக்கணுமே, தெம்பு வேண்டாமா?"

தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வட்டம் நிறைந்த கரும்பலகையைத் திருப்தியோடு பார்த்தபோது, போக்குவரத்து அதிகாரி உள்ளே வந்தார். அவரை அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. தலை கலைந்து, சட்டை கசங்கி, கண்கள் சிவந்திருந்தன. ஒரு பன்கூட எடுக்காமல், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மேசைமேல் இருந்த வடிதாளின் பக்கத்தில் விரித்து வைத்தார். காலையில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய அது, தாளின் அதே சாம்பல் நிறத்தில் இருந்தது.

"பஸ் ஸ்டாப்புல நின்னேன்" என்றார். "மூஞ்சியைத் துடைச்சேன். எல்லாம் சான்றிதழ் வாங்கின வண்டிங்கதான்."

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "செயலரே, என் பங்கை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டுக்குங்க."

"அப்படின்னா என் பங்கைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே?" என்றார் சாலைப் பொறியாளர் உடனே. எல்லாருடைய பார்வையும் ஒருசேர அவர் காலடிக்கு இறங்கியது. வழியில் எந்தக் குழிக்குள் கால் விட்டாரோ, ஷூக்கள் இரண்டும் முழுதாக, முழுக்கால் சட்டை பாதிவரை, செம்மண்ணில் மூழ்கியிருந்தன. அவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "சரி, சரி. இருக்கறது இருக்கட்டும்" என்று ஒரு பன்னை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

செயலர் துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். பெரிய பங்கின் நடுவே கோணலாக நின்ற 'செயலர்' என்பதை ஓங்கித் துடைத்தார். சாக்பீஸ் தூள் வெண்புகையாக எழுந்தது.

"மெதுவா சார்!" என்று இருமினார் ஆய்வகத்து அம்மையார். "அதுவும் துகள்தான்."